ஒட்டிய ஒலிப்பதிவா, ஒரே டேக் காணொளியா, நேரலையா? தானாக ராக்டைம் பழகியவருக்கு எது பொருந்தும்

ராக்டைம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியிருந்த பியானோ இசைவகை; அதில் அமைந்த ஒரு படைப்பு 'ராக்'. ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்'கின் முதல் பகுதியில் ஓரிடம் உண்டு. இரண்டு கைகளும் மாறி மாறி பியானோவின் தாழ்ந்த சுரங்களுக்கான அடிக்கட்டைகளிலிருந்து மேலே படியேறும். அந்த ஏற்றம் எனக்குக் கைவர ஏழு மாதம் ஆயிற்று. கைவந்த வாரமே பதிவு செய்து இணையத்தில் ஏற்றினேன். மூன்று நாட்களில் வாசித்த ஐந்து டேக்குகளிலிருந்து (நிறுத்தாமல் பதிந்த ஒரு வாசிப்பு ஒரு டேக்) நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டிய பதிவு அது. என்னைப் போலவே ஆசிரியர் இல்லாமல் பழகும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு எழுதினார்: "ஏற்றம் முடிந்ததும் உங்கள் இடக்கை எப்படி இவ்வளவு சீக்கிரம் கீழே வந்து சேருகிறது? இரண்டு வாரமாக முயல்கிறேன், மணிக்கட்டு வலிக்கிறது." என் இடக்கை வந்து சேரவே இல்லை. ஏற்றம் ஒரு டேக். அதன் பிறகு விழும் முதல் அடி வேறு டேக். நடக்காத ஒன்றைப் பார்த்து அவர் தன் கையை வருத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து, வாசிப்பை எந்த வடிவில் பகிர்வது என்பதை ஒலித்தரம் சார்ந்த கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கடந்த சில ஆண்டுகளில் நான்கு வழிகளையும் முயன்றுவிட்டேன்: வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவு, கைகள் தெரியும் ஒரே டேக் காணொளி, நேரலை, மிடி கோப்பு. நால்வழியும் நடந்து பார்த்தவன் என்ற முறையில் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் ராக்டைமின் உடலமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேர்வு அதைப் பொறுத்தது. இடக்கை ஒரு கடிகாரம்: அடியில் ஒரு ஆக்டேவ் (ஒரே சுரத்தின் தாழ்ந்ததும் உயர்ந்ததும் சேர்ந்து), அடுத்து நடுவில் மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்த சுரச்சேர்க்கை, மீண்டும் அடி, மீண்டும் நடு. வலக்கை அந்தக் கடிகாரத்தின் தாள அடிகளில் விழாமல் சற்று முன்னோ பின்னோ தள்ளி விழுகிறது. இந்த இழுபறியில்தான் இசை இருக்கிறது. பெரும்பாலான ராக்குகள் 16 அளவைகள் (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவை) கொண்ட நான்கு பகுதிகளால் ஆனவை. செவ்வியல் ராக்கின் வழக்கமான வரிசையில் முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை, மறுபடி முதல் பகுதி ஒரு முறை, பிறகு மூன்றாவதும் நான்காவதும் இரண்டிரண்டு முறை வரும். மொத்தம் 144 அளவைகள். அவற்றில் வெவ்வேறானவை 64 மட்டுமே.

இந்த 64 என்ற எண் ஒட்டு ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு தூண்டில். நான்கு பகுதிகளையும் ஒவ்வொரு முறை ஒழுங்காக வாசித்துவிட்டால் போதும், மீதியை நகலெடுத்து ஒட்டிவிடலாம். பகுதிகள் தெளிவான முடிவில் நிற்பதால் ஒட்டும் இடம் காதுக்குத் தெரியாது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் முதல் பகுதி மூன்றாவது முறை வரும்போது அது மூன்றாவது முறையாக ஒலிக்க வேண்டும். நடுவில் ஒரு பயணம் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். விரல் சற்றுத் தளர்ந்திருக்கும், சுரம் சற்றுப் பெரிதாகவோ மென்மையாகவோ விழும். நகலெடுத்த பதிவில் அந்தத் திரும்புதல் இல்லை. கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பாதியில் நிறுத்திவிடுவார்.

நியாயமாக, ஒட்டுப்பதிவுக்கு உள்ள பெருமையையும் சொல்ல வேண்டும். வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்கு, பயணத்தில் காதில் போட்டுக்கொள்பவர்களுக்கு, தவறான சுரம் இல்லாத தூய பதிவுதான் வேண்டும். ஆல்பமாகத் தொகுத்து விற்பதென்றாலும் இதுவே வழி. வேறு வேறு டேக்குகளை இணைப்பதென்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, காலப்பிரமாணம். நேற்றைய டேக்குக்கும் இன்றைய டேக்குக்கும் நூலிழை வேகவேறுபாடு இருந்தாலும் இடக்கை காட்டிக்கொடுத்துவிடும்; வேறு இசையில் மறையக்கூடிய பிசகு ராக்டைமில் மறையாது. இன்னொன்று, முந்தைய சுரத்தின் எஞ்சிய ஒலி. வெட்டும் இடத்தில் அது அறுபட்டால் அறைக் கதவை யாரோ சாத்தியது போல இருக்கும். அடிச்சுரம் விழும் நொடிக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டினால் அந்த அடியே தையலை மூடிவிடும்.

அடுத்தது, நான் மனதாரப் பரிந்துரைக்கும் வழி: கைகள் தெரியும் ஒரே டேக் காணொளி.

தானாகக் கற்றவரைப் பின்தொடர்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் தானாகக் கற்பவர்கள் என்பது என் அனுபவம். அவர்கள் வாசிப்பைக் கேட்க மட்டும் வருவதில்லை, விரலைப் படிக்க வருகிறார்கள். அடி ஆக்டேவை ஐந்தாம் விரலும் கட்டைவிரலும் தொடுகின்றன. அங்கிருந்து நடுவுக்குத் தாவும்போது கை கட்டைகளை உரசிக்கொண்டு போகிறதா, வில்லாக வளைந்து மேலே எழுந்து இறங்குகிறதா? கண் அடுத்த இடத்தை முன்கூட்டியே பார்க்கிறதா? தாவ முடியாதபோது ஆக்டேவை விட்டு ஒற்றைச் சுரத்தை மட்டும் தொடுகிறாரா? எந்த அச்சுத்தாளிலும் இது இல்லை. எனக்கு இடக்கைத் தாவல் புரிந்ததே, வேறொருவர் தன் காணொளியில் ஒரு தாவலைத் தவறவிட்டு அடுத்த அடியிலேயே மீண்டதைப் பார்த்தபோதுதான். அவர் நிற்கவில்லை, திரும்பிப் போய்த் திருத்தவில்லை. தாளம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. சரியாக வாசித்த நூறு பதிவுகள் கற்றுத்தராததை அந்த ஒரு பிழை கற்றுத்தந்தது.

காணொளி எடுப்பதில் கேமராவை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய முடிவு. 88 கட்டைகள் கொண்ட வரிசை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலம். நேர் மேலிருந்து எடுத்தால் எந்தக் கட்டை என்பது துல்லியமாகத் தெரியும். தாவலின் உயரம் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் உயரம் தெரியும். அருகில் இருக்கும் கை தூரத்துக் கையை மறைத்துவிடும். மேலிருந்து, சற்றே இடப்பக்கம் சாய்த்து, இடத்தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் வைப்பது என் வழக்கம். போனில் எடுப்பவர்கள் வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை குறுக்கே போகும்போதெல்லாம் வெள்ளைக் கட்டைகள் பளீரிடும், மங்கும், மறுபடி பளீரிடும்.

ஒலிக்குப் போனின் மைக்கை நம்ப வேண்டாம். பல போன்கள் ஒலியளவைத் தாமாகவே சமன்செய்கின்றன. உரத்த அடி விழுந்தால் அமுக்கி, மெல்லிய சுரம் வந்தால் தூக்கிவிடும். பேச்சுக்கு அது நல்லது. ராக்டைமில் அடிக்கும் நடுவுக்கும் உள்ள எடைவேறுபாடே உயிர்நாடி. அதை நசுக்கிவிட்டால் நீங்கள் ஆறுமாதம் பழகிய இடக்கை தையல் இயந்திரம்போல ஒலிக்கும். தனியாக இரண்டு கண்டன்சர் மைக்குகள் வைத்துப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிக் காட்சியோடு பொருத்திக்கொள்ளலாம். நிமிர்ந்த பியானோவாக இருந்தால் மேல்மூடியைத் திறந்து ஒரு மைக்கை அடிச்சுரங்களின் பக்கமும் மற்றதை மேல்சுரங்களின் பக்கமும் வையுங்கள். சுத்தியல்களுக்கு மிக நெருக்கமாக வைத்தால் மரமும் கம்பளியும் தட்டும் ஓசைதான் முன்னால் வரும்.

இங்கே ஒரு கிளைக்கேள்வி வருகிறது: கம்பி பியானோவா, டிஜிட்டல் பியானோவா? டிஜிட்டலுக்குச் சுருதி சேர்க்கும் செலவில்லை, இரவில் ஹெட்போனோடு வாசிக்கலாம், ஒலி நேராக வயர் வழியே பதிவுக்கருவிக்குப் போய்விடும், தெருவில் போகும் வண்டி பதிவில் விழாது. தொடங்குபவர் தயங்காமல் இதை எடுக்கலாம். நிமிர்ந்த கம்பி பியானோவில் ஒரு கட்டையைத் திரும்ப அடிக்க அது ஏறக்குறைய முழுவதுமாக மேலெழ வேண்டும். கம்பிகள் படுக்கையாக அமைந்த கிராண்ட் பியானோவில் பாதி எழுந்தாலே போதும். நல்ல டிஜிட்டல் கட்டைகள் இந்த விஷயத்தில் கிராண்டுக்கு நெருக்கமானவை. ஆனாலும் கம்பி பியானோவில் ஒரு சுரச்சேர்க்கையைத் தட்டிச் சட்டென்று விடும்போது எஞ்சும் அந்த உலர்ந்த ஓசைக்கு ஈடான ஒன்றை டிஜிட்டலில் நான் கேட்டதில்லை. வசதி இருந்தால் கம்பி. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: டிஜிட்டலில் இருக்கும் 'ஹான்க்கி டாங்க்' ஒலியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுருதி கலைந்த மதுக்கடைப் பியானோதான் ராக்டைமின் குரல் என்ற எண்ணத்தை ஊன்றியதில் 1950களின் ஒலித்தட்டுகளுக்குப் பெரிய பங்குண்டு. ட்ரினிடாடில் பிறந்த வினிஃப்ரெட் ஆட்வெல், ஜார்ஜ் பாட்ஸ்ஃபர்டின் 'பிளாக் அண்ட் ஒயிட் ராக்'கை அப்படியொரு பியானோவில்தான் வாசித்துப் புகழ்பெற்றார். அது அருமையான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்காட் ஜாப்ளின் தன் ராக்குகளை ஒவ்வொரு சுரத்தையும் எண்ணி எழுதினார். அவற்றைச் சுருதி சேர்ந்த பியானோவில் கேட்கும்போதுதான் நடுக்குரல்களின் நகர்வு காதில் விழுகிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் வேகம் விலைபோகும். என் பதிவுகளில் அதிகம் பேர் பார்த்தது, நான் அவசரமாக வாசித்துப் பின்னால் வருந்திய ஒன்று. ஜாப்ளின் தன் இசைத்தாள்களிலேயே ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியில்லை என்று அச்சிட வைத்தார். 1908இல் வெளியிட்ட பயிற்சி நூலில் மெதுவாக எண்ணிப் பழகச் சொன்னார். ஒரே டேக் காணொளி இதற்கும் உதவுகிறது: 144 அளவைகளும் தாங்கும் வேகத்தில்தான் நீங்கள் தொடங்க முடியும். கை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நேரலைக்கு வருவோம். இதன் இன்பம் வேறெதிலும் இல்லை. யாரோ ஒருவர் தன் தாத்தா வாசித்த ராக்கைக் கேட்பார், நீங்கள் அந்த நிமிடமே வாசிப்பீர்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு ராக் மூன்று முதல் நான்கு நிமிடம். நடுவில் பேச்சையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு ராக்குகளாவது கையில் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் மேலே, கேட்டால் வாசிக்க எட்டுப் பத்து. நான் ஒன்பது ராக்குகளோடு தொடங்கிவிட்டேன்; நாற்பதாவது நிமிடத்தில் இடக்கை மரத்துப்போயிற்று, கடைசி இரண்டையும் பாதி ஆக்டேவ்களை விட்டுவிட்டுத்தான் முடித்தேன். படமும் ஒலியும் பார்ப்பவரைச் சேரப் பல நொடிகள் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். கடைசிச் சுரத்தை அடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் எதுவும் இருக்காது. அந்த மௌனத்தில் நெஞ்சு துணுக்குறும். சற்றுப் பொறுத்தால்தான் வாழ்த்துகள் வரும். இணைப்பு வயர் வழியாக இருக்கட்டும், காற்றுவழி இணைப்பு நடுவில் திணறினால் தாளமே துண்டுதுண்டாகும். இருபது ராக்குகள் கைவசமானபின் மாதம் ஒருமுறை நேரலை செய்யுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

மிடி கோப்பைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். 1983இல் வந்த இந்த முறை ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையில் என்ற கட்டளையை மட்டும் சேமிக்கிறது. அதனால் ஒரு முழு ராக் சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். கேட்பவர் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கலாம், இரு கைகளையும் தனித்தனித் தடங்களாகப் பிரித்துக் கொடுத்தால் இடக்கையை மட்டும் தனியாகக் கேட்கலாம். கற்பவருக்கு இது பெரிய கொடை. ஆனால் அவருடைய கணினி எந்த ஒலியைத் தருகிறதோ அதுதான் உங்கள் பியானோ. காணொளியோடு துணைக்கோப்பாகக் கொடுக்கலாம். தனியாகக் கொடுத்தால் உங்கள் கை அங்கே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஜாப்ளினின் நினைவு வராமல் போகாது. 1917இல் அவர் இறந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. 1916இல் அவர் வாசித்துத் துளையிடப்பட்ட சில பியானோ காகிதச் சுருள்கள்தான் மிச்சம்; அந்தத் துளைகளைப் படித்துத் தானியங்கி பியானோ வாசிக்கும். சாதாரணச் சுருள், கட்டை எப்போது இறங்கியது என்று சொல்லும். எத்தனை அழுத்தமாக என்று சொல்லாது. அதோடு, சுருள்களை விற்பனைக்கு முன் திருத்துவது அன்று வழக்கம். துளைகளைச் சேர்க்கலாம், மூடலாம், தாளத்தை நேர்படுத்தலாம். 'மேப்பிள் லீஃப்' சுருளைக் கேட்கும்போது இதில் எது அவர் விரல், எது தொழிற்சாலையின் கத்தி என்று என்னால் பிரித்தறிய முடிவதில்லை.

ராக்குகள் எழுதிய இன்னொருவரான ஜோசப் லாம்பை அடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தானாகவே கற்றவர், பகலில் அலுவலக வேலை பார்த்தவர். நியூயார்க்கில் ஜாப்ளினைச் சந்தித்தார். 1908இல் லாம்பின் 'சென்சேஷன்' வெளியாக ஜாப்ளின் தன் பெயரையும் முகப்பில் கொடுத்து உதவினார். பிறகு லாம்ப் பல பதிற்றாண்டுகள் உலகின் கண்ணில் படாமல் இருந்தார். 1959இல் இசை ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அவர் வீட்டுக்கே போய், 71 வயதில் அவர் வாசித்ததையும் பேசியதையும் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஒலித்தட்டு வந்தது, அதே ஆண்டு லாம்ப் மறைந்தார். அந்தப் பதிவில் விரல் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு மனிதர் தன் வீட்டில், தான் எழுதிய இசையை, தான் நினைத்த நடையில் வாசிக்கிறார். ஜாப்ளினின் சுருளையும் லாம்பின் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ஒரு மாலையில்தான் ஒட்டுவேலையை விட்டேன்.

உரிமைச் சிக்கலையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த அந்தக் காலத்து இசைப்படைப்புகள் பொதுவுடைமை. ஜாப்ளின் வாழ்நாளில் அச்சிட்ட ராக்குகள் அத்தனையும் இதில் அடங்கும். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளில் லாம்பின் படைப்புகள் 2030 முடியும்வரை காப்பில் இருக்கக்கூடும். 1964இல், அவர் மறைவுக்குப் பின் அச்சான அவருடைய ராக்குகளுக்கு அமெரிக்காவிலும் தனிக் கணக்கு. பழைய ராக்கைப் புதிதாக ஒருவர் அமைத்திருந்தால் அந்த அமைப்பு அவருடையது. இத்தனை கவனமாக இருந்தும், 1899இல் அச்சான ஒரு ராக்கை நானே வாசித்து ஏற்றியபோது, அது வேறு யாருடைய பதிவோ என்று ஒரு தானியங்கி முறை என் காணொளியை முடக்கியது. மறுப்பு எழுதினேன், மூன்று வாரம் கழித்து விடுவித்தார்கள். இப்போதெல்லாம் எந்த ஆண்டு அச்சிட்ட தாளைப் பார்த்து வாசிக்கிறேன் என்பதையும், வாசிப்பவன் நான்தான் என்பதையும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல எனக்கில்லை. ஒட்டுப்பதிவு ஆல்பமாக விற்கும், நேரலையில் அன்பளிப்பு வரும், காணொளிக்கு மாதச் சந்தாதாரர்கள் மெதுவாகச் சேர்வார்கள். சந்தா வாங்கினால் தவறாமல் கொடுக்க வேண்டும். புதிய ராக் ஒன்றைக் கைக்குக் கொண்டுவர எத்தனை வாரம் ஆகிறது என்று தெரிந்த பிறகு வாக்குக் கொடுங்கள்.

கைகளைக் காட்டக் கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வற்புறுத்த மாட்டேன். ஒலியை மட்டும் தரட்டும், ஆனால் ஒரே டேக்காகத் தரட்டும். ஆல்பம் போடுபவர் ஒட்டட்டும், ஒட்டியது என்று ஒரு வரி எழுதிவிடட்டும். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது காணொளிதான். என் நடைமுறை இது: சனிக்கிழமை காலை, கை சூடேற அரைமணி நேரம் மெதுவாக வாசித்துவிட்டு, மூன்று டேக் எடுப்பேன். மூன்றுதான், நான்காவது கிடையாது. அன்று எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. மறுநாள் திரையை மூடிவைத்துவிட்டு மூன்றையும் காதால் மட்டும் கேட்பேன். எந்த டேக்கில் முதல் பகுதி மூன்றாவது முறை திரும்பி வரும்போது வீடு திரும்பியதுபோல் இருக்கிறதோ, அதை ஏற்றுவேன். பெரும்பாலும் அது சுத்தமான டேக்காக இருப்பதில்லை. 'மேப்பிள் லீஃப்'பை அப்படித்தான் மறுபடி எடுத்தேன். ஏற்றம் முடிந்து இடக்கை கீழே வரும்போது அடிச்சுரம் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். கை எப்படி வருகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதை முதலில் அனுப்பியது மணிக்கட்டு வலித்த அந்த நண்பருக்குத்தான்.